கட்டுப் போட்ட முகம்

காலையில் வசனம் எழுதி, மதியம் நடிக்க வைத்து, சாயங்காலமே ஜகார்த்தாவிலிருந்து ஒளிபரப்பும் தொடர் அது. நாலு வருஷமாக அதில் மாமியாரைக் கொடுமைப்படுத்தும் மருமகள் நான். சந்தைக்குப் போனால் பெண்கள் என் கையைக் கிள்ளுவார்கள்.

சொந்த ஊரான தெகாலில் அம்மா இறந்துவிட்டாள் என்று போன் வந்ததும் லீவு கேட்டேன்.

"போயிட்டு வாம்மா, அதுக்கென்ன," என்றார் தயாரிப்பாளர் சுடிர்ஜோ. நான் பஸ் ஏறுவதற்குள் கதையில் என்னை லாரி அடித்துவிட்டது. முகம் முழுக்கக் கட்டோடு ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தேன். கட்டுக்குள் இருந்தது ஒப்பனை உதவியாளர் ரெஸ்தி.

ஏழாம் நாள் போன் செய்தேன். "நாளைக்கு வந்துடறேன் சார்."

"எதுக்கு? நீ படுத்ததுலேர்ந்து ரேட்டிங் எகிறுது. எந்திரிச்சா இறங்கிடும். ரெஸ்தியே படுத்திருக்கட்டும், அவளுக்குச் சம்பளமும் கம்மி."

"அது என் பாத்திரம் சார்! என் முகம்!"

"முகம் எங்கம்மா தெரியுது?"

அன்று மாலை அம்மாவுக்காக ஓத வந்த பெண்கள், ஆமீன் சொன்ன கையோடு டிவியைப் போட்டார்கள். போன வாரம்வரை என்னைச் சபித்தவர்கள், கட்டுப் போட்டவள் பிழைக்க வேண்டுமென்று மூக்கைச் சிந்தினார்கள்.

பக்கத்து வீட்டு சுமியாத்தி அக்கா என் தோளைத் தட்டினாள். "இதையெல்லாம் எப்பவோ எடுத்து வெச்சுட்டு வந்துட்டியாக்கும்! மூச்சு விடறதுகூட என்ன தத்ரூபம்! நாலு வருஷத்துல இப்பத்தாண்டி உனக்கு நடிப்பு வந்திருக்கு."