நேரலையில் ஒரு பெயர்

எங்கள் ரங்கூன் தொலைக்காட்சி நிலையத்தில் நாகரத்தினம் சயாவுக்குத் தனி அறை கொடுத்தார்கள், ஏசி கொடுத்தார்கள். பர்மாவில் சயா என்றால் ஐயா, வாத்தியார். மனிதர் அதில் சேர்ந்தாற்போல் பத்து நிமிடம் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. குடியுரிமை அட்டை இல்லாத தமிழர்களுக்காக வார்டு வார்டாக அலைந்து, சிறைக்கும் போய் வந்தவரை, 2019இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி இயக்குநராக்கினால் வேறென்ன நடக்கும்?

அவர் கேட்டு வாங்கியது ஞாயிறு காலைத் தமிழ் நிகழ்ச்சி. அன்று முதன்முறையாக நேரலை. அட்டை பற்றி நேயர்கள் போனில் கேட்கலாம், சயா பதில் சொல்வார். போன் வந்தால் நிகழ்ச்சி தொடரும், வராவிட்டால் அந்த நேரத்துக்குச் சமையல் என்று முதலாளி சொல்லிவிட்டார். தொகுப்பாளினி நான், புஷ்பா. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

வணக்கம் சொல்லி வாய் மூடவில்லை, போன் அடித்தது! துள்ளிவிட்டேன்.

"வணக்கம், உங்க பேரு? எங்கேருந்து பேசுறீங்க?"

வைத்துவிட்டார்கள். அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். கண்ணாடிக்கு அப்பால் முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூப்பிடத் தெரிகிறது, பேரைச் சொன்னால் முத்தா உதிர்ந்துவிடும்? பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்து, ஒரு பாட்டைப் போடச் சொன்னேன்.

சயா ஓடி வந்தார். விஷயத்தைச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

"என் தப்புதான் புஷ்பா! கூட்டத்துக்குக் கூட்டம் நான்தானே சொல்லிக் குடுத்தேன், தெரியாத ஆளு போன்ல பேரக் கேட்டா போலீசா இருக்கும், சட்டுனு வெச்சுருன்னு!"

"அப்ப பேரு கேக்காம பேசுவோமா சயா?" என்றான் போன் பார்க்கும் பாலசந்தர்.

"கேக்கணும்பா. ஒளிஞ்சது போதும்."

பாட்டு முடிவதற்குள் என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். பவுடர் இல்லை, சீப்பு இல்லை. வார்டு கூட்டத்தில் பேசுகிற அதே குரல்.

"நான் நாகரத்தினம். அப்பா வேலப்பன், அலோன் துறைமுகத்துல மூட்டை தூக்குனவரு. இப்ப தின்கன்ஜூன்ல இருக்கேன். பேரச் சொல்லாதீங்கன்னு சொன்ன நானே கேக்குறேன், சொல்லுங்க. ஏதும் வம்பு வந்தா மொதல்ல என் வீட்டுக்கு வரட்டும்."

போன் ஊமையாக இருந்தது. முதலாளி எழுந்துவிட்டார். போச்சு, அடுத்த ஞாயிறு முதல் மொஹிங்கா மீன் நூடுல்ஸ் செய்முறைதான் என்று நினைத்தேன்.

அடித்தது. பாய்ந்து எடுத்தேன்.

"கனகாம்பாள்!" கேட்பதற்கு முன்பே ஒரு பெண் கத்தினாள். "தாகேதாவுலேருந்து பேசுறேன். குழந்தைவேலு மக கனகாம்பாள்!"

அவள் சொல்லி முடிப்பதற்குள் மற்ற போன்களும் அலறத் தொடங்கின. பாலசந்தர் காதுக்கொரு போனை வைத்துக்கொண்டு, "பர்கத்துல்லாவாம்! நீலாம்பாளாம்!" என்று கூவினான். முதலாளி இரண்டு கையாலும் நீட்டு, நீட்டு என்று சைகை காட்டினார். சயா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். நான் துடைக்கக்கூட இல்லை.

"சொல்லுங்கம்மா கனகாம்பாள், அட்டையப் பத்தி என்ன கேக்கணும்?"

"கேள்வி ஒண்ணுமில்லம்மா, அட்டை போன வருசமே வந்துருச்சு. எம்பேரு டிவியில வரட்டும்னுதான் கூப்புட்டேன். இன்னொரு தடவ சொல்லவா?"

"சொல்லுங்க," என்றேன்.