ஈரப் பனி

இமயமலைக் கணவாயில் பனி உருகிவிட்டது, வண்டியை எடு என்று தம்பியிடம் போனில் சொல்லிச் சற்று நேரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் அறிவுச்செல்வி தான் சொன்னது தப்பென்று கண்டுவிட்டாள்.

தம்பி இளஞ்செழியன் போர்வெல் வண்டி ஓட்டுபவன். கணவாய் திறக்கட்டும் என்று மலையடிவாரத் தாபாச் சாப்பாட்டுக் கடையில் நாள்கணக்காகக் கிடந்தான். அவளோ செயற்கைக்கோள் வழியே பனியை அளக்கும் ஆராய்ச்சி மாணவி. விடுமுறைக்குத் திண்டுக்கல் வந்தும் நூர் முகமது பாயின் பிரவுசிங் சென்டரே கதியென்று கிடந்தாள். வீட்டில் சும்மா இருந்தால்தானே!

தரையிலிருந்து எழும் மைக்ரோவேவ் கதிரைப் பனித்துகள்கள் சிதறடிக்கும். பனி கூடக்கூட மேலே போய்ச் சேரும் கதிர் குறையும். நேற்று மதியப் பதிவில் கதிர் பலமாக இருந்தது, அதை வைத்துத்தான் சற்றுமுன் பனியில்லை என்றாள். இன்று அதிகாலைப் பதிவு இப்போதுதான் வந்தது. அதே இடத்தில் ஆளை மூடும் பனி!

நேற்றைய வெயிலில் பனி இளகியிருக்கிறது. ஈரப் பனி தானே கதிரை உமிழும், செயற்கைக்கோளுக்கு வெறும் தரையாகத் தெரியும். முதலாண்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பவளே அவள்தான். தம்பி நச்சரித்தான் என்று அவசரப்பட்ட புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ! இரவில் உறைந்தது வெயில் ஏறினால் மறுபடி இளகும், சரியும்.

தம்பியிடம் செல்போன் இல்லை. தாபாவுக்குப் போன் போட்டாள். எதிர்முனையில் இந்தி. ரிசீவரை பாயிடம் திணித்தாள்.

"பாய், வண்டிய நிறுத்தச் சொல்லுங்க. பனி சரிஞ்சுரும்னு சொல்லுங்க!"

நூர் முகமது உருதுவில் பேசிவிட்டு ரிசீவரைப் பொத்தினார். "இப்பத்தான் கெளம்புனானாம்மா. பைக்குல ஆள் அனுப்புறேங்கிறாக. ஆனா பனி கினின்னா உந்தம்பி திரும்புவானா?"

திரும்ப மாட்டான். போகச் சொன்னதே அக்காதானே.

"அம்மா சீரியஸ்னு சொல்லுங்க."

பாய் அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சொன்னார். அம்மா அய்யம்மாள் அந்நேரம் பூ மார்க்கெட்டில் மல்லிகைக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பாள்.

பைக் ஆள் அவனைத் தாபாவுக்குத் திருப்பி, போன் மணி அடிப்பதற்குள் அவளுக்கு உயிர் போய் வந்தது.

"அக்கா, அம்மாவுக்கு என்னாச்சு?" அழுதுகொண்டிருந்தான்.

"ஒண்ணுமில்லடா. நாந்தான் பொய் சொன்னேன். காலையில சொன்னதுந் தப்பு. மேல பனி கெடக்கு, போகாத."

அவன் வெடித்தான். "அப்பப் பனி இல்லன்ன. பெறகு அம்மாவ வச்சு வெளையாடுன. இப்பச் சொல்றத மட்டும் எப்பிடி நம்புறது?"



"நம்ப வேணாம்டா. வெயில் தாழுற வரைக்கும் என்னைத் திட்டிக்கிட்டே இரு. போனை வச்சிராத."

அவன் திட்டினான். வாய்க்கு வந்தபடியெல்லாம் திட்டினான். போனை மட்டும் வைக்கவில்லை.