வலப்பக்கம் ஒரு வரி, இடப்பக்கம் ஒரு வரி

எமிலியானுஸுக்கும் அவருடைய தங்கை புருஷன் கைத்தாம்பிள்ளைக்கும் பதின்மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஆனால் ஞாயிறு தவறாமல் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நின்று பாடினார்கள்.

அது நெடுந்தீவின் மேற்குக் கரையில் இருந்த சின்னக் கோவில். பாட்டுப்பூசை என்றால் அங்கே பாடுகிறவர்கள் பீடத்துக்கு இரண்டு பக்கமும் எதிரெதிராக நிற்பார்கள். வலப்பக்கம் ஒரு வரி பாட, இடப்பக்கம் அடுத்த வரியைப் பாடும். வலப்பக்கத்துக்கு எமிலியானுஸ் தலைவர். மாடு வளர்ப்பவர், வெட்டவெளியில் மாடு கூப்பிட்டுப் பழகிய குரல். இடப்பக்கத்துக்குக் கைத்தாம்பிள்ளை, கடற்றொழில், காற்றுக்கு மேலால் கேட்கிற குரல். பாட்டு முழுக்க லத்தீன். பெரிய சுவாமியார் என்று ஊர் சொன்ன பிரெஞ்சுக்காரர் அதைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்து, கைத்தடியால் தரையில் தட்டித் தட்டிப் பழக்கியிருந்தார். அர்த்தத்தைப் பற்றி யாரும் கேட்டதில்லை. அது கடவுளுக்குத் தெரிந்தால் போதும் என்பது பாடகர்களின் கட்சி.

ஆகவே தமிழில் ஒரு சொல்லும் பேசாத இரண்டு மனிதர்கள் லத்தீனில் மட்டும் விடாமல் கதைத்துக்கொண்டிருந்தார்கள். ஊரில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரித்து முடிந்ததும் கிறேஸை நினைத்துக்கொள்வார்கள். பிறகு சிரிப்பு வராது.

கிறேஸ் எமிலியானுஸின் தங்கை. ஐம்பத்தாறாம் ஆண்டு இறந்தாள். அந்த ஆண்டுதான் ரோமாபுரியிலிருந்து, ஆண்டவர் பாடுபட்ட பெரிய கிழமையின் பூசை ஒழுங்கு மாறி வந்தது. அதுவரை, ஆண்டவர் உயிர்த்த பாஸ்குத் திருநாளின் முதற்பூசை பெரிய சனிக்கிழமை காலையிலேயே நடந்துவிடும். பெரிய வியாழன் பூசையோடு வாய் மூடிய கோவில் மணி, அந்தச் சனிக்கிழமைப் பூசையில் குளோரியா என்ற புகழ்ப்பாட்டுப் பாடும்போதுதான் திரும்ப அடிக்கும். மணி மௌனமாக இருக்கிற மட்டும் அந்தக் கரையில் ஒருவரும் வள்ளம் இறக்கமாட்டார். இது திருச்சபைச் சட்டம் அல்ல. ஊர்ச் சட்டம், ஆனபடியால் அதைவிடப் பலமானது. சனி காலை மணி கேட்டதும் வள்ளங்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு கடலுக்குள் இறங்கும். புதிய ஒழுங்கில் பூசை சனிக்கிழமை இரவுக்குப் போனது. மணியும் பூசையோடு இரவுக்குப் போனது. நெடுந்தீவு வள்ளங்களைப் பற்றி ரோமாபுரியில் யாரும் யோசித்திருக்க நியாயம் இல்லை.

அந்தச் சனிக்கிழமை காலை கிறேஸுக்கு நோக்காடு கண்டது. தலைப்பிள்ளை. மத்தியானத்துக்குள் மருத்துவிச்சி முகம் கறுத்து வெளியே வந்து, இது தன் கைக்கு மிஞ்சின காரியம், கடல் தாண்டி ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொன்னாள். கைத்தாம்பிள்ளை கரைக்கு ஓடினார். வள்ளத்தில் கை வைத்தார். கரையில் நின்ற ஆட்கள் அவரைப் பார்த்தார்களே தவிர, தள்ளுவதற்கு ஒருவரும் கை கொடுக்கவில்லை. ஒருவர் மட்டும், "மணி இன்னும் அடிக்கேல்லையே" என்றார். கைத்தாம்பிள்ளைக்கும் அதே பயம் நெஞ்சுக்குள் இருந்தது. ஆண்டவர் கல்லறையில் கிடக்கிற நேரம் வள்ளம் இறக்கினால், வயிற்றில் இருக்கிறதுக்கு என்ன வருமோ? கையை எடுத்துவிட்டார். மணி அடிக்கட்டும் என்று காத்திருந்தார்.

எமிலியானுஸ் விடிந்ததிலிருந்து கோவிலுக்குள் இருந்தார். புதிய இரவுப் பூசைக்கான நீளப் பாட்டுகளைப் பெரிய சுவாமியார் பிழிந்து எடுத்துக்கொண்டிருந்தார். இரவு இடப்பக்கத்தில் கைத்தாம்பிள்ளையின் இடம் காலியாக இருந்தது. பெண்சாதிக்கு நோக்காடு என்று யாரோ சொன்னார்கள். தலைப்பிள்ளை, கொஞ்சம் நீளத்தான் செய்யும் என்று எமிலியானுஸ் நினைத்தார். குளோரியா தொடங்கியது, மணி அடித்தது, அவர் தொண்டை கிழியப் பாடினார். அந்த மணிச் சத்தத்தில்தான் கரையில் வள்ளம் தள்ளினார்கள். கிறேஸ் பாதி வழியில் செத்துப்போனாள். பிள்ளையும் தங்கவில்லை.

பெரிய சுவாமியார் செய்தி கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். நோயாளிக்கு எந்த நாளிலும் கடல் திறந்திருக்கிறது என்று சொல்லத் தனக்குத் தோன்றவில்லையே என்று அழுதார். சேமக்காலையில் குழி மூடும்போது எமிலியானுஸ் கைத்தாம்பிள்ளையைப் பார்த்து, "மணிக்குக் காவல் இருந்து என்ரை தங்கச்சியைச் சாகக் குடுத்திட்டாய்" என்றார். அதுதான் கடைசிப் பேச்சு.

கைத்தாம்பிள்ளை மறுபடி கலியாணம் செய்யவில்லை. பாடுகிற இடத்தையும் விடவில்லை. எமிலியானுஸும் விடவில்லை. ஒருவர் விலகினால் மற்றவர் வென்றதாகிவிடும் என்று ஊர் நினைத்தது. ஒருவேளை அவர்களும் அப்படித்தான் நினைத்தார்களோ என்னவோ. ஏதும் சொல்ல வேண்டியிருந்தால் மூன்றாம் ஆளுக்குச் சொல்வார்கள். "அந்தப் பக்கத்தாருக்குச் சொல்லுங்கோ, இழுவை கூடிப்போச்சு" என்பார் எமிலியானுஸ். எட்டடி தூரத்தில் நிற்கிற கைத்தாம்பிள்ளை அது காதில் விழாத மாதிரி இருந்துவிட்டு, அடுத்த தடவை இழுவையைக் குறைப்பார்.

புதிய ஒழுங்கோடு இன்னொரு பாட்டும் வந்திருந்தது. பெரிய வியாழன் மாலைப் பூசையில் சுவாமியார் பன்னிரண்டு ஆண்களுக்குப் பாதம் கழுவும்போது பாடுவது. அந்தப் பாட்டு எமிலியானுஸுக்குப் பிடிக்கும். கறந்த பால் சூடு மாறாமல் தொண்டைக்குள் இறங்குகிற மாதிரி ஒரு மெட்டு. பூசை முடிய, அந்த ஒரு நாளில் மட்டும், கைத்தாம்பிள்ளை கோவில் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். வருஷா வருஷம் நின்றார். எமிலியானுஸ் பக்கக் கதவால் போய்விடுவார். "என்ன நெஞ்சழுத்தம் பார், வழி மறிச்சு நிக்கிறார்" என்று பெண்சாதி மேரிஜோசப்பினிடம் சொல்வார்.

பிறகு பூசை தமிழுக்கு மாறத் தொடங்கியது. ஒரேயடியாக அல்ல, ஒவ்வொரு செபமாகக் கழன்று வந்தது. பெரிய கிழமைப் பாட்டுகள்தான் கடைசி வரை லத்தீனில் தப்பியிருந்தன. பெரிய சுவாமியாரும் அதற்குள் மோட்சத்துக்கோ பிரான்சுக்கோ போய்விட்டார். இரண்டும் ஊருக்கு ஒன்றுதான். அறுபத்தொன்பதில் மரியநாயகம் சுவாமி என்று ஓர் இளம் குருவானவர் வந்தார். பழைய மெட்டை மாற்றாமல், அதற்குள் தமிழ்ச் சொல்லை வைத்துத் தானே எழுதியிருந்தார். கெட்டிக்காரர். பெரிய செவ்வாய் பின்னேரம் பாடகர்களைக் கூப்பிட்டு இருபக்கமும் நிறுத்தி, பாதங்கழுவும் பாட்டை வரி வரியாக வாசித்துக் காட்டினார்.

நடுவில் வலப்பக்கத்துக்கு ஒரு வரி வந்தது. பொல்லாத சண்டைகள் ஓயட்டும், வழக்குகள் ஒழியட்டும் என்று அதன் பொருள்.

எமிலியானுஸ் கையை உயர்த்தினார். "சுவாமி, இது நீங்கள் புதிசாப் போட்டதோ?"

"இல்லை அண்ணை. லத்தீனிலை இருந்ததுதான். சொல்லுக்குச் சொல்."

"நாங்கள் இவ்வளவு காலமும் பாடினது இதையோ?"

"ஓம்."

எமிலியானுஸ் வாங்கில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, "எனக்கு ஏலாது சுவாமி" என்றார். "லத்தீனிலை பாடினா அது கடவுளுக்கு. தமிழிலை பாடினா அது முன்னுக்கு நிக்கிறவருக்கு. கோவிலுக்கை நிண்டு என்னைப் பொய் சொல்லச் சொல்லாதேங்கோ."

சுவாமி வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. ஆனால் தீவில் மூன்று மாதத்தில் தெரியாத கதை இல்லை. அவர் சமாளிக்கப் பார்த்தார். "அப்ப வரியை மாத்துவம். இதை இடப்பக்கம் பாடட்டும், அடுத்ததை நீங்கள் எடுங்கோ."

"வேண்டாம் சுவாமி" என்று இடப்பக்கத்திலிருந்து குரல் வந்தது. கைத்தாம்பிள்ளை. அவர் சுவாமியைப் பார்த்துத்தான் பேசினார். ஆனால் யாருக்குப் பேசுகிறார் என்பதில் அங்கே ஒருவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

"எனக்கு இந்த வரியின்ரை அர்த்தம் தெரியும். கிறேஸ் செத்து அடுத்த வருஷம், பெரிய வியாழனுக்கு முந்திப் பெரிய சுவாமியாரைக் கேட்டனான். அவர் முழுக்கச் சொன்னவர். அண்டையிலையிருந்து வருஷா வருஷம் இவர் இதை என்ரை முகத்தைப் பாத்துப் பாடினவர். இவருக்கு விளங்காமப் பாடுறார் எண்டு எனக்குத் தெரியும். சில நேரம், இல்லை, விளங்கித்தான் பாடுறாரோ எண்டும் நினைப்பு வரும். அதுதான் வாசல்லை நிண்டு பாக்கிறனான். வரமாட்டார். பறவாயில்லை. வரி எனக்கு வந்திட்டுது தானே?"

சுவாமியிடம் ஓர் அடி கிட்ட வந்தார். "இப்ப இவர் தமிழிலை பாடமாட்டன் எண்டால், எனக்கு இருந்ததும் இல்லாமப் போகும். அதைப் பழையபடி லத்தீனிலையே விடுங்கோ சுவாமி."

எமிலியானுஸ் எழுந்து, தொப்பியைக்கூட எடுக்காமல் வெளியே போனார். அன்றைய பழக்கம் அதோடு முடிந்தது. பாடகர்கள் இதைப் பற்றி வீட்டில்கூட வாய் திறக்கவில்லை. அந்த ஊரில் அது ஓர் அதிசயம்.

எமிலியானுஸுக்கு முதலில் வந்தது கோபம். தன் பசுவைத் தனக்குத் தெரியாமல் இன்னொருவன் வருஷக்கணக்காகக் கறந்துகொண்டு போன மாதிரி இருந்தது. தான் கொடுக்காத மன்னிப்பைத் தன் வாயிலிருந்தே எடுத்திருக்கிறான்! இதென்ன நியாயம்? புதன்கிழமை முழுக்க வாய்க்குள் புறுபுறுத்துக்கொண்டு திரிந்தார். மேரிஜோசப்பின் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, காய்ச்சல் இல்லை என்று கண்டதும் தன் வேலையைப் பார்க்கப் போனாள்.

பின்னேரம் வெளியில் மாடுகளோடு தனித்து நின்றபோது அவர் அந்தத் தமிழ் வரியைப் பாடிப் பார்த்தார். 'பொல்லாத' வரை வந்தது. அதற்கு மேல் கிறேஸ் வந்து நின்றாள். அவளுக்கு இருபத்திரண்டு வயது. நடக்கும்போது வயிற்றைத் தாங்கிக்கொண்டு, "அண்ணை, இது பொடியன்தான், பாருங்கோ" என்று பந்தயம் கட்டியவள். அவளை வைத்துக்கொண்டு அந்த வரியைச் சொல்ல அவரால் முடியவில்லை. ஆனால் இன்னொன்றும் அவருக்கு மனதில் பட்டது. கரையில் அன்று வள்ளத்தைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்தவன், அதற்குப் பிறகு இத்தனை வருஷமாக ஒரு வரியை வைத்துக்கொண்டு உயிர் வாழ்ந்திருக்கிறான். அந்த வரியைத் திருப்பிப் பறிக்கவும் எமிலியானுஸுக்கு மனம் வரவில்லை. அவருக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. மாடுகளை நேரத்தோடு பட்டியில் அடைத்தார்.

பெரிய வியாழன் மாலை கோவில் நிரம்பி வழிந்தது. தமிழ்ப் பாட்டுத் தாள்களை இளைஞர்கள் வாங்குவாங்காகக் கொடுத்திருந்தார்கள். சனமெல்லாம் சேர்ந்து பாடலாம் என்ற சந்தோஷம். எமிலியானுஸ் வருவாரோ என்று சுவாமிக்குச் சந்தேகம். வந்தார். வந்து தன் இடத்தில் நின்றார். சுவாமி அவருக்குப் பக்கத்தில் நின்றவரிடம், அண்ணை பாடாவிட்டால் நீங்கள் மூன்று பேரும் எடுங்கோ என்று மெதுவாகச் சொல்லி வைத்திருந்தார்.

சுவாமி இடுப்பில் துவாயைக் கட்டிக்கொண்டு முதல் காலுக்குத் தண்ணீர் வார்த்தார். பாட்டு தொடங்கியது. வலப்பக்கம் ஒரு வரி, இடப்பக்கம் ஒரு வரி, இடையிடையே சனம். எமிலியானுஸ் வாயைத் திறக்கவேயில்லை. மற்ற மூவரும்தான் இழுத்துக்கொண்டு போனார்கள். எதிரே கைத்தாம்பிள்ளை தாளால் முகத்தை மறைத்தபடி பாடினார்.

அந்த வரி வந்தது. மூவரும் தமிழில் எடுத்தார்கள். எடுத்த இடத்திலேயே அவர்கள் குரலுக்கு மேல் இன்னொரு குரல் எழுந்தது. எமிலியானுஸ் லத்தீனில் பாடினார்.

மூவரும் தடுமாறி நிறுத்தினார்கள். பின்வாங்குகளில் யாரோ சிரித்தார்கள். "மனிசனுக்குப் பழசு விடேல்லை" என்று ஒரு குரல் கேட்டது. எமிலியானுஸ் நிறுத்தவில்லை. கையில் தாள் இல்லை, கண்ணை எங்கும் திருப்பவில்லை. இவ்வளவு காலமும் அந்தச் சொற்கள் அவர் வாயில் வெறும் சத்தமாக இருந்தன. இப்போது ஒவ்வொரு சொல்லும் என்ன என்று தெரிந்தது. எதிரே நிற்கிறவருக்கும் அது தெரியும் என்பதும் தெரிந்தது. தெரிந்தே பாடினார். கடைசிச் சொல் வரை பாடி வரியை முடித்தார்.

அடுத்த வரி இடப்பக்கத்துக்கு. இடப்பக்கம் பேசாமல் நின்றது. சுவாமி கையில் ஒரு கிழவரின் காலைப் பிடித்தபடி தலையை நிமிர்த்தினார். கைத்தாம்பிள்ளை தாளை இறக்கினார். முகம் முழுக்க ஈரம். பிறகு, கடலில் இருந்து வந்தவர் மாதிரி கம்மிப்போன குரலில், எங்கள் நடுவில் ஆண்டவர் இருப்பாராக என்ற அந்த வரியைத் தமிழில் தனியாகப் பாடி முடித்தார்.

பூசை முடிந்து, அன்றைய வழக்கப்படி பீடத்துத் துணிகளைக் களைந்த பிறகு சனம் வெளியே வந்தது. கைத்தாம்பிள்ளை உள்ளே சற்பிரசாதத்துக்கு முன் முழந்தாளில் இருந்தார். கோவில் மதிலடியில் மேரிஜோசப்பின் தன் புருஷனைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"இஞ்சாருங்கோ, உங்களுக்கென்ன விசரே? ஊரெல்லாம் தமிழிலை பாடேக்கை நீங்கள் மட்டும் லத்தீனிலை கத்திறியள். சனம் சிரிக்குது. உங்கடை லத்தீன் இனி இஞ்சை ஆருக்கு விளங்கப் போகுது?"

"மச்சானுக்கு விளங்கும்" என்றார் எமிலியானுஸ்.