காலியாகத் தெரிந்த கரை

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வாத்தியாருக்குக் காலி இடம் கண்ணில் பட்டால் போதும், கை தானாக ஸ்டியரிங்கைத் திருப்பிவிடும். மனைவியோடு அந்த மீனவர் ஊரைச் சுற்றிப் பார்க்க வந்த அன்றும் அப்படித்தான். கடற்கரையில் ஆள் நடமாட்டமே இல்லை. இரண்டு பக்கமும் பாறைகள், நடுவில் மட்டும் கல் முள் இல்லாத சுத்தமான மணல் சரிவு. வண்டியை அங்கே நிறுத்தினார்.

"இவ்வளவு நல்ல இடம் எவன் கண்ணுலயும் படல பாரு."

"எல்லாருக்கும் உங்க கண்ணு வாய்க்குமா?" என்றாள் மனைவி. கிண்டல் அவருக்கு எட்டவில்லை.

ஊர் இருவருக்கும் பிடித்துப்போனது. படகுக்கு அடித்த பெயிண்டில் மிச்சத்தை வீட்டுக் கதவுக்கு அடித்திருந்தார்கள். கதவின் நிறத்தைப் பார்த்தாலே அந்த வீட்டுப் படகு எதுவென்று தெரிந்துவிடும். நீலக் கதவு வீட்டு வாசலில் வலையைச் சரிபண்ணிக்கொண்டிருந்த பெண், கேட்காமலே ஊசியை மனைவியின் கையில் கொடுத்தாள்.

"இறுக்கிப் பிடிக்காதீங்கக்கா. விட்டுப் பிடிச்சா முடிச்சு தானா விழும். எங்க வீட்டுக்காரர் இப்ப கரைக்கு வந்துடுவாரு, மீனையும் பார்த்துட்டுப் போங்க."

அவள் சொல்லி முடிக்கவும் கரையில் சத்தம் எழவும் சரியாக இருந்தது. மூவரும் போய்ப் பார்த்தால், ஊரே திரண்டு நின்று கடலைப் பார்த்துக் கையை ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தது. தூரத்தில் ஒரு நீலப் படகு அலையில் ஏறி இறங்கியது. வாத்தியார் நெகிழ்ந்துபோனார்.

"என்ன பாசம் பாத்தியா! வீடியோ எடு," என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, தானும் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினார்.

வலைக்காரப் பெண்ணின் முகம் வெளிறியது.

"அண்ணே, அது வரவேற்பு இல்ல. வராதேன்னு கத்துறாங்க. படகு ஏறுற வழியில யாரோ காரை நிறுத்தியிருக்காங்க. ரெண்டு பக்கமும் பாறை. படகுல எங்க வீட்டுக்காரரும் என் தம்பியும் இருக்காங்க."

அது தன் கார்தான் என்று வாத்தியாருக்குப் புரிந்தது. சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார். பதற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்த மிதியில் சக்கரம் மணலுக்குள் இறங்கியது. தன்னிடம் படிப்பவன் இதைச் செய்திருந்தால் மண்டையில் குட்டியிருப்பார். திட்டு விழும் என்று தலையைக் குனிந்தார். யாரும் திட்டவில்லை. படகை இழுக்கும் அதே கைகள் காரைத் தள்ளின, படகுக்குப் போடும் அதே குரலோடு. கார் ஒதுங்கியதும் படகு அலையோடு சீறி வந்து, வண்டி நின்ற அதே இடத்தில் மோதி நின்றது.

நீலக் கதவு வீட்டுக்காரர் இறங்கினார். அலை தூக்கிப்போட்டதில் முழங்கை உரிந்து ரத்தம் கசிந்தது. வலைக்காரப் பெண் ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் வாத்தியாரிடம் கேட்ட முதல் கேள்வி:

"வண்டிக்கு ஒண்ணும் ஆகலையேண்ணே?"

வாத்தியாருக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்கவும் அவர் முயலவில்லை.

"என்னை மன்னிச்சிடுங்க தம்பி. காலியா கிடக்குதுன்னு நினைச்சேன், நீங்க வீட்டுக்கு வர்ற வழியாச்சே அது. ஊரைப் பார்க்க வர்றவன், எங்க நிக்கலாம்னு அந்த ஊர்க்காரங்களை ஒரு வார்த்தை கேக்கணும். கேக்காம நின்னா, அழகு பார்க்க வந்தவனே இன்னொருத்தர் உயிருக்கு எமனாயிடுவான்."