வெளுக்கும் வரை

...ஸ்பிளிண்ட் தகடு இன்னும் தெளியவில்லை, ஓரத்தில் வெள்ளை தெரிகிறது, கிடக்கட்டும், வெந்நீரில் இன்னும் கொஞ்சம் ஊறட்டும், அவசரப்பட்டு எடுத்தால் பழைய படிகத் துணுக்குகள் உள்ளேயே தங்கிவிடும், அப்புறம் கையில் வைப்பதற்குள் இறுக ஆரம்பித்து என் பேச்சைக் கேட்காது, இந்தப் பாலியெஸ்டர் அப்படித்தான், மண்ணில் மட்கிப்போகிற சாதுவான பிளாஸ்டிக், அறுபது டிகிரிக்கே உருகிவிடும், அறுபது டிகிரி என்ன பெரிய சூடா, ஈப்போ வெயிலில் பூட்டி நிற்கிற காருக்குள்ளேயே வந்துவிடும், அது இந்த மனுஷனுக்குத் தெரியாதா, தெரியும், நான்தான் சொல்லியிருக்கிறேனே, ஆஸ்பத்திரியில் என்னிடம் வரும் கை நோயாளிகள் ஒருவர் விடாமல் எல்லோரிடமும் சொல்வேன், ஸ்பிளிண்டைக் காரில் மட்டும் வைக்காதீங்க என்று, கடைசியில் என் புருஷன் கோலின் வைத்தான். நேற்று ஆயர் தாவாரில் அவன் அக்கா எல்ஸி வீட்டு ஞானஸ்நான விருந்து, வாழையிலை போட்டதும் இவனுக்கு ரோஷம் வந்துவிட்டது, சொந்தக்காரர்கள் முன்னால் ஸ்பூனால் சாப்பிட மாட்டானாம், மணிக்கட்டைத் தாங்குவதற்கு நான் பார்த்துப் பார்த்துச் செய்த ஸ்பிளிண்டைக் கழற்றி டேஷ்போர்டில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். விரல்கள் சோற்றைக் கூட்டின, கை வாய்வரை எழுந்தது, மணிக்கட்டு மட்டும் தொங்கிவிட்டது, சோறு இலையிலேயே விழுந்தது... எல்ஸி அக்கா பார்க்காத மாதிரி பக்கத்து இலைக்குக் கறி வைத்துக்கொண்டே இருந்தார். சாப்பிட்டு முடித்துக் காரைத் திறந்தால் ஸ்பிளிண்ட் அப்பம் மாதிரி டேஷ்போர்டில் படிந்து கிடக்கிறது, திட்ட வேண்டும் என்று வாயைத் திறந்தேன், அந்த இலை ஞாபகம் வந்தது, ஏசியைப் போடு என்று மட்டும் சொன்னேன்.

தெளிந்துவிட்டது, சட்டியின் அடி தெரிகிறது, படிகம் ஒன்றுகூட மிச்சமில்லை. "கையக் குடு." "சுடுமா?" "சுடாது லா, தொடைச்சிட்டுத்தான் வைக்கிறேன்." தகட்டை அவன் முன்கையில் படியவைத்து, கையைக் குப்புறத் திருப்பி, உள்ளங்கைக்கு அடியில் என் உள்ளங்கையைக் கொடுத்து மணிக்கட்டைத் தூக்கிப் பிடித்தேன், இனி இறுகும்வரை அசையக் கூடாது, அவனும் நானும். சூடு இறங்கினாலும் உடனே இறுகாது, குழைந்தே கிடக்கும், கல்யாண வீட்டில் முதல் பந்திக்கு யாரும் உட்காராமல் நிற்பார்களே அதுபோல உள்ளே பிளாஸ்டிக்கின் மூலக்கூறுச் சங்கிலிகள் தயங்கி நிற்கும், நாலு பேர் உட்கார்ந்தால் போதும், மடமடவென்று வரிசை மடிந்து படிகமாகி வெளுத்துவிடும்... நன்றாக உருக்கியதால் இன்று நேரமாகும், ஆகட்டுமே, எனக்கு இந்தக் கையை ரொம்பப் பிடிக்கும், வயரிங் வேலை பார்த்துக் காய்த்த கை, நிச்சயதார்த்தத்தில் எனக்கு மோதிரம் போட்ட கை. கோப்பெங் பக்கம் மோட்டார் சைக்கிளோடு விழுந்ததில் மேல்கை எலும்பு உடைந்தது, எலும்பு கூடிவிட்டது, நரம்புதான் இன்னும் எழவில்லை, நாளைக்கு டாக்டர் பார்ப்பார், மணிக்கட்டில் துளி அசைவாவது இருந்தால் பொறுக்கலாம், இல்லையென்றால் ஆபரேஷன், அதற்கப்புறமும் வருமா வராதா சொல்ல முடியாது. "அக்கா நேத்து உங்கிட்ட ஏதாச்சும் சொன்னுச்சா?" "என்ன சொல்லணும்?" "சும்மா கேட்டேன்." சும்மா கேட்கிற ஆளா இவன்... அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதென்னவோ உண்மை, கேரன், தம்பிக்கு வேற வேலை பாரும்மா என்று, அதை இவனிடம் சொல்ல நான் என்ன பைத்தியமா?

ஓரத்தில் வெளுக்கத் தொடங்கிவிட்டது, கட்டைவிரல் பக்கம் பால் கலந்த மாதிரி... இரு, என்ன இது, என் உள்ளங்கையில் இருந்த பாரம் குறைந்ததே, கொஞ்சம்தான், ஆனால் குறைந்தது, தானாக மேலே போனது மாதிரி. பிளாஸ்டிக் இறுகினால் பாரத்தை அது வாங்கிக்கொள்ளும், என் கைக்கு லேசாகத்தான் தெரியும், எத்தனை பேருக்குச் செய்திருக்கிறேன், இது எனக்குப் புதிதா, ஆனால் நடுவில் இன்னும் தெளிவாகத்தானே இருக்கிறது, அங்கே இறுகவே இல்லையே, அப்படியானால் தூக்கியது யார்? "கோலின், நீ அசைச்சியா?" "இல்லையே, நீதானே அசையாதேன்னு சொன்ன." முகத்தைப் பார்த்தேன், பொய் சொல்கிற முகம் இல்லை, அவனுக்கே தெரியாமல் வந்திருக்குமோ, முதல் அசைவு அப்படித்தான் வரும் என்று நானே மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன்... அல்லது என் ஆசையா, ஆசைதான் பாரத்தைக் குறைத்துக் காட்டியதா? முழுவதும் வெளுத்துவிட்டது, சுண்டினால் சத்தம் வரும், இனிக் கழற்றிவிட்டுத் தூக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தெரிந்துவிடும்.

"காஞ்சிருச்சு போல லா, இன்னும் ஏன் புடிச்சிருக்க?"

"இன்னும் கொஞ்சம் ஆவணும்," என்றேன். காலையிலும் மாலையிலும் மணிக்கட்டைத் தூக்கு, தூக்கிப் பாரு என்று விரட்டுகிறவள் நான், அவன் சிரித்து மழுப்புவான், பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்வேன், அவனுக்குத்தான் பயம் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.