கயிற்றைத் தொடாத விருந்தாளி

"மூச்சை இழுங்க. அடக்குங்க. அசையாதீங்க... ம், விட்டுடலாம்."

இதைச் சொல்லிச் சொல்லி அவளுக்கு வீட்டிலும் அதே வாய்தான். மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், ஈயத் தகடு பதித்த கதவுக்குப் பின்னால், எக்ஸ்ரே எடுப்பது அவள் வேலை. அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. வெளியே மழையா வெயிலா என்பதை உள்ளே வருகிறவர்களின் செருப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள். அதனால் லீவு என்று வந்தால் அவள் கேட்பது ஒன்றே ஒன்று: தலைக்கு மேல் கூரை இருக்கக் கூடாது.

அவள் கணவர் அதற்கு நேர் எதிர். சாலை போடும் கம்பெனியில் சூப்பர்வைசர். ரோடு நீள நீள, ஆட்களையும் மெஷின்களையும் கட்டி இழுத்துக்கொண்டு, கூடாரத்தைப் பிரித்துப் பிரித்து அடித்துக்கொண்டு நகர்கிற பிழைப்பு. மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். வந்தால் கட்டிலில் மல்லாந்து படுத்து மேலேயே பார்த்துக்கொண்டிருப்பார்.

"என்னங்க தெரியுது அங்க?"

"சீலிங்."

"அதையா இவ்வளவு நேரமா பார்க்கறீங்க?"

"காத்தடிச்சாலும் ஆட மாட்டேங்குது பாரு. எவ்வளவு நல்ல சீலிங்!"

வருஷா வருஷம் அவளும் இரண்டு பெண்களும் அவள் தம்பி குடும்பத்தோடு ஏரிக்கரைக்குப் போய்க் கூடாரம் போட்டுத் தங்குவார்கள். இவர் வாசல் வரை வந்து கையாட்டிவிட்டுக் கட்டிலுக்குத் திரும்பிவிடுவார். போன வருஷம் பக்கத்துக் கூடாரத்து அம்மா ஒருத்தி பெரியவளைக் கேட்டாள், "உங்க அப்பா வரலையாம்மா?"

பெரியவள் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள், "அப்பா இதுக்கெல்லாம் வர மாட்டாரு. அவரு வீட்டுக்கு மட்டும்தான் வருவாரு."

குரலில் வருத்தமே இல்லை. ஏதோ பஸ் எந்த நிறுத்தத்தில் நிற்கும் என்று சொல்வதுபோல் சொன்னாள். அழுதிருந்தால்கூட அம்மாக்காரி ஆறுதல் சொல்லிவிட்டு மறந்திருப்பாள். அழாததுதான் மனதில் முள்ளாகத் தைத்தது. இன்னும் ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ இப்படியே போனால், இந்த மனுஷர் இல்லாமல் இருப்பது பெண்களுக்குப் பழகிவிடும். அப்புறம் அவரே வந்தாலும் உட்கார இடம் இருக்காது.

இந்த வருஷம் தம்பிக்கு லீவு கிடைக்கவில்லை. கூடாரத்தைக் கொடுக்க வந்தவனை, "நீ கொஞ்சம் சொல்லிப் பாருடா" என்று உள்ளே அனுப்பினாள். அவன் பஸ் ஓட்டுகிறவன்.

"மாமா, ஒரு தடவை போயிட்டுத்தான் வாங்களேன்."

"டேய், உன்னை லீவுல கூட்டிட்டுப் போயி பஸ் ஓட்டச் சொன்னா ஓட்டுவியா?"

"குடும்பத்தோடன்னா ஓட்டுவேன் மாமா."

"நீ ஓட்டுவே. வேற என்ன தெரியும் உனக்கு!"

தம்பி டீயைக் குடித்துவிட்டு, "அக்கா, மலையை நகர்த்தறதுக்கு வேற ஆளைப் பாரு" என்று நழுவினான்.

அன்று சாயங்காலம் அவளே கட்டிலின் ஓரத்தில் போய் உட்கார்ந்தாள்.

"இந்த ஒரு தடவை வாங்க. பிடிக்கலைன்னா இனிமே உங்களைக் கூப்பிடவே மாட்டேன். நாங்க மூணு பேரும் எங்க பாட்டுக்குப் போயிட்டு வர்றோம். நீங்க உங்க சீலிங்கோட குடும்பம் நடத்துங்க."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அதைப் பார்த்துத்தான் எழுந்து உட்கார்ந்தார்.

"வர்றேன். ஆனா ஒரு முளை அடிக்க மாட்டேன். கயிறைத் தொட மாட்டேன். டென்ட்டை எங்க போடறது, யாரு எங்க படுக்கறதுன்னு என்கிட்ட யாரும் கேட்கக் கூடாது."

"எதுக்குக் கேட்கறோம்? புது மாப்பிள்ளை மாதிரி சேர்ல உட்காருங்க. ஆனா குறை சொல்லக் கூடாது."

"வாயையே திறக்க மாட்டேன். போதுமா?"

போதும் என்றுதான் அவளும் நினைத்தாள். மனுஷர் வருஷம் முழுக்க ஓடுகிறார். ஒரு இடத்தில் உட்கார வைத்து ஒரு துரும்பையும் எடுக்க விடாமல் பார்த்துக்கொண்டால், பிடிக்காமல் எங்கே போகும்? அதுதான் அவள் போட்ட கணக்கு.

ஏரிக்கரையில் ஏற்கனவே ஏழெட்டுக் கூடாரங்கள் இருந்தன. மேட்டில் பைன் மரங்கள், அதன் கீழே சரிவு, சரிவின் அடியில் மெத்தென்று புல் முளைத்த ஒரு சின்னப் பள்ளம். சின்னவள் நேராக ஓடிப்போய் அந்தப் புல்லில் விழுந்து புரண்டாள். "இங்கதான்! இங்கதான்!"

அவர் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பள்ளத்தைப் பார்த்தார், சரிவைப் பார்த்தார், வாயைத் திறந்தார். அவள் ஒற்றை விரலைத் தூக்கினாள். நோயாளி தோளை அசைத்தால் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து தூக்குவாளே, அதே விரல். அவர் வாய் மூடிக்கொண்டது.

மூன்று பேருமாகக் கூடாரத்தை நிமிர்த்தினார்கள். முளைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்து நின்றன. சுத்தியல் விழுந்தபோதெல்லாம் அவர் வலது கால் பெருவிரல் தரையை அழுத்தியது. கைகள் மட்டும் முழங்காலை விட்டு நகரவில்லை.

"எப்படிங்க இருக்கு?"

"சேர் நல்லா இருக்கு."

"ஏரியைக் கேட்டேன்."

"இருக்கு."

டீ ஊற்ற எழுந்தார். "நீங்க உட்காருங்க!" என்றாள். ஈரத் துண்டைக் கொடியில் போடப் போனார். "விடுங்க, பெரியவ போடுவா!" காய்ந்த குச்சி ஒன்றைக் குனிந்து எடுத்தார். சின்னவள் அதைப் பிடுங்கிக்கொண்டாள். "அப்பா தொடக் கூடாது! அம்மா சொல்லியிருக்கு!"

மறுநாள் மத்தியானம் சின்னவள் அம்மாவின் காதில் கேட்டாள், "அப்பாவுக்கு உடம்பு சரியில்லையா?"

"ஏன்டி?"

"அசையவே மாட்டேங்கறாரு."

அவள் திரும்பிப் பார்த்தாள். முதுகு நிமிர்ந்து, பாதங்களைச் சேர்த்து வைத்து, கதவு எப்போது திறக்கும் என்பதுபோல் உட்கார்ந்திருந்தார். தன் அறைக்கு வெளியே பெஞ்சில் காத்திருப்பவர்களை அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், அந்த நேரத்தில் ஒன்றும் உறைக்கவில்லை. நாளைக்குச் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் மேகம் திரண்டது. அவர் வானத்தைப் பார்த்தார். கூடாரத்தைப் பார்த்தார். எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. வாக்குக் குடுத்திருக்கேன்."

அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முட்டையை அவித்துக்கொண்டிருந்தாள்.

மழை ஒரே வீச்சில் வந்தது. பைன் மரத்து மேட்டிலிருந்து தண்ணீர் சரிவில் உருண்டு, வேறு வழியே தெரியாததுபோல் நேராக அந்தப் பள்ளத்துக்குள் இறங்கியது. செருப்புகள் மிதந்தன. பெரியவள் போர்வைகளைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றாள். சின்னவள் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தாள். அவர் நாற்காலியை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மழையில் விருந்தாளியாகவே நின்றார்.

"இப்படி ஆகும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"வந்து இறங்கின உடனே தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லலை?"

"நீ விரலைத் தூக்கினே."

அவள் தன் கையைப் பார்த்தாள். கையில் முட்டைக் கரண்டி இருந்தது. அவளிடம் வந்து எக்ஸ்ரே மேசையில் அசையாமல் படுத்தவர்களில் ஒருத்தராவது இளைப்பாறியதுண்டா? எல்லோரும் எப்போது எழலாம் என்றுதான் படுத்திருப்பார்கள். அதை இப்போது அவரிடம் சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை.

"சரி, என் தப்புதான். விரலும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். வந்து நீங்களே பாருங்க."

"அது மட்டும் மாட்டேன்."

"ஏங்க, பிள்ளைங்க நனையுதுங்க!"

"புரிஞ்சுக்கோ. நான் கையை வெச்சேன்னா அப்புறம் இதுவும் ரோடு சைட்தான். நீ நகரு, நீ பிடி, நீ எதுக்கு நிக்கறேன்னு கத்த ஆரம்பிச்சுடுவேன். எனக்கு வேற மாதிரி செய்யத் தெரியாது. அங்க நான் டென்ட்டுக்குள்ள நுழைஞ்சா சிரிச்சுட்டு இருக்கறவன்லாம் நிறுத்திடறான். எழுந்து நிக்கறான். சாப்பாட்டுத் தட்டோட எழுந்து நிக்கறான்! இங்கயும் என்னைப் பார்த்தா பேச்சு நிக்கணுமா?"

இவ்வளவு வருஷத்தில் இதை அவர் சொன்னதில்லை. கூடாரம்தான் பிடிக்காது என்று அவள் எண்ணியிருந்தாள்.

பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் பள்ளத்திலிருந்து குரல் வந்தது.

"அப்பா! சும்மா நின்னு பேசிட்டே இருக்கீங்க? வந்து தோண்டுங்க!"

சின்னவள் கையில் குழம்புக் கரண்டி. அவர் நாற்காலியை மரத்தில் சாய்த்துவிட்டு இறங்கினார்.

"எங்க தோண்டணும்?"

"இங்க!"

அது தப்பான இடம் என்பது அம்மாக்காரிக்கே தெரிந்தது. அவர் அந்த இடத்தைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். என்ன தோன்றியதோ, குழைந்த குரலில் சொன்னார், "சரிங்க மேஸ்திரி."

கரண்டியை வாங்கித் தோண்டினார். தண்ணீர் இன்னொரு பக்கமாகச் சுற்றி வந்தது.

"அய்யோ! தப்புன்னு ஏன் சொல்லலை?"

"நான் சித்தாளுங்க. சொன்ன இடத்துல தோண்டறதுதான் என் வேலை."

"கேட்டா சொல்லணும்!"

"நீங்க கேட்கலையே மேஸ்திரி."

"இப்ப கேட்கறேன்."

"அப்படின்னா, கொஞ்சம் மேல, தண்ணி வர்ற வழியிலயே வெட்டி அந்தப் பக்கமா திருப்பி விட்டா நல்லதுன்னு நினைக்கறேன். நீங்க என்ன சொல்றீங்க?"

சின்னவள் யோசித்தாள். "சரி, மேல வெட்டு. சீக்கிரம்! சோம்பேறி!"

அம்மாக்காரி, "ஏய், அப்பாவை என்னடி வெட்டு கிட்டுன்னு..." என்று ஆரம்பித்தாள். அவர் மண் அப்பிய ஒற்றை விரலைத் தூக்கினார். அவள் வாய் மூடிக்கொண்டது.

பெரியவள் போர்வைகளைத் தாங்கள் வந்த வண்டிக்குள் போட்டுவிட்டு வந்து, தான் இன்ஜினீயர் என்று அறிவித்தாள். கூடாரத்தை மேட்டுக்கு மாற்றச் சொல்லி உத்தரவு போட்டாள். அம்மாவுக்கு மண் தூக்கும் வேலை. அவருக்கோ, இத்தனை வருஷம் ஆட்கள் தன்னிடம் காட்டிய வித்தைகளெல்லாம் ஒன்றொன்றாக ஞாபகம் வந்துவிட்டது. செருப்பு வார் அறுந்துவிட்டது என்று உட்கார்ந்தார். தண்ணீர் குடிக்கப் போனவர் திரும்பவில்லை. சின்னவள் போய் மரத்துக்குப் பின்னாலிருந்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

"மேஸ்திரி, டீ குடிச்சுட்டு வந்து செய்யட்டுமா?"

"வேலை முடியட்டும்!"

"வேற சைட்ல எல்லாம் முதல்லயே குடுப்பாங்க."

"அப்ப அங்கயே போயி வேலை பாரு!"

அவர் கரண்டியைத் தரையில் ஊன்றிக்கொண்டு, மூச்சு வாங்கச் சிரித்தார். யாரும் பேச்சை நிறுத்தவில்லை. மாறாக, இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் அவரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

மழை விட்டதும் பக்கத்துக் கூடாரத்து ஆள் நனைந்த மெத்தையை இழுத்துக்கொண்டு வந்தார். வெட்டியிருந்த வாய்க்காலைப் பார்த்துவிட்டு, "நல்லா வெட்டியிருக்காங்களே. யாரும்மா அவரு?" என்று கேட்டார்.

பெரியவள் முகத்தைக் கடுப்பாக வைத்துக்கொண்டாள். "எங்ககிட்ட வேலை பார்க்கறவரு. கொஞ்சம் ஏமாத்துவாரு. ஆனா எங்க ஆளு."

மண் தூக்கிக்கொண்டிருந்தவள் ஒரு நிமிஷம் நின்றாள். "இன்ஜினீயர் பேசறப்ப வேலையை நிறுத்தக் கூடாது" என்று அவளுக்கும் ஒரு அதட்டல் விழுந்தது.

மறுநாள் காலையில் அவள் வெளியே வந்தபோது அவர் ஈரப் புல்லில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு மல்லாந்து படுத்திருந்தார்.

"என்னங்க தெரியுது?"

"எல்லாமே ஆடுது. மேகம் ஆடுது, மரம் ஆடுது. ஒண்ணாவது ஒழுங்கா நிக்குதா பாரு."

"அப்ப சீலிங்தான் ஒசத்தி?"

"சந்தேகமென்ன? சீலிங்குக்கு ஈடே கிடையாது." ஒரு கையைத் தலைக்கு அடியில் வைத்துக்கொண்டு சொன்னார், "ஆனா அது என்னைத் திட்டறதில்லை."

பிடித்ததா பிடிக்கவில்லையா என்ற கேள்வியை நாக்கு நுனி வரை கொண்டுவந்து விழுங்கிவிட்டாள். டீயை மட்டும் நீட்டினாள். அவரே எழுந்து போய் இன்னொரு கோப்பை எடுத்து வந்து, தன் டீயில் பாதியை அதில் அவளுக்கு ஊற்றிக் கொடுத்தார். அவள், உட்காருங்க என்று சொல்லவில்லை.

ஊர் திரும்பி, அவர் சைட்டுக்குப் போய், மறுபடியும் பழைய ஓட்டம்தான். அவளுக்கும் அதே கீழ்த்தளம், அதே ஈயக் கதவு. ஒருநாள் வேலை முடிந்து வந்து அவள் செருப்பைக் கழற்றும்போது போன் அடித்தது. அந்தப் பக்கம் மழைச் சத்தம், தார்ப்பாய் படபடக்கும் சத்தம்.

"சாப்பிட்டீங்களா?"

"அதெல்லாம் ஆச்சு. போனை மேஸ்திரிகிட்ட குடு."

"என்ன விஷயம், என்கிட்ட சொல்லுங்க."

"உன்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? நீ மண் தூக்கறவ. குடு, குடு."

சின்னவள் போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள். வாய்ப்பாடு ஒப்பிப்பவள்போல் நிமிர்ந்து நின்றாள்.

"சொல்லுங்க... ஆமா... அடுத்த வருஷத்துக்கா? இப்பவே எதுக்குக் கேட்கறீங்க?... இருங்க, இன்ஜினீயரைக் கேட்டுட்டு வர்றேன்."

போனைக் கையால் பொத்திக்கொண்டு கத்தினாள், "அக்கா! வேலைக்கு எடுப்பீங்களான்னு அப்பா கேட்கறாரு!"

உள்ளேயிருந்து பெரியவள் குரல் வந்தது, "தண்ணி குடிக்கப் போனா திரும்பி வரணும்னு சொல்லு!"

சின்னவள் அதைச் சொன்னாள். அந்தப் பக்கம் என்ன கெஞ்சல் நடந்ததோ, நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "சரி, வந்து சேருங்க. பார்த்துக்கலாம்" என்று சொல்லிப் போனை வைத்தாள்.