கம்சிங் ஓடிய பதினோரு நாள்

மழை பொய்த்த ஜூன் மாதத்தில், தாய்லாந்தின் வடகிழக்கே ஈசான் பக்கத்து மருத்துவமனை ஒன்றின் சிறுநீரகப் பிரிவில், கம்சிங் என்ற அறுபத்தெட்டு வயது விவசாயி பதினோரு நாளில் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் லிட்டர் சிறுநீர் கழித்தார். மணிக்கு மணி அளந்து எழுதியவள் பயிற்சி மருத்துவர் ஃபாய். அவள் அந்த வார்டுக்கு வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அங்கே என்னென்ன இருக்கும் என்று முன்பு பயிற்சி முடித்தவர்கள் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள்: சிறுநீர் டியூப் போட்டுப் போட்டுக் கை பழகிவிடும், ரத்தக்கட்டி அடைத்தால் பொறுமையாகக் கழுவிவிட வேண்டும், கல் எடுக்கிற நாளில் மதியச் சாப்பாடு கிடையாது, பெரியவர்கள் கூச்சப்படுவார்கள். வெள்ளத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

வந்து சேர்ந்தபோது கம்சிங்குக்குச் சிறுநீர் அடைத்து ஒன்றரை நாள் ஆகியிருந்தது. அடிவயிறு கல்லாக இறுகிக் கிடந்தும், பேத்தி வயதுப் பெண் கையுறை மாட்டுவதைப் பார்த்ததும் போர்வையை இழுத்துப் பிடித்துக்கொண்டார். அவர் மனைவி சாய்பினுக்குக் கோபம் வந்தது. "விடுய்யா போர்வைய! இவரு பெரிய மன்மதரு, அந்தப் பொண்ணு மயங்கி விழுந்துரப் போவுது." ஃபாய் உண்மையைச் சொல்லிவிட்டாள்: "பெரியப்பா, நான் இதுவரைக்கும் பொம்மைக்குத்தான் டியூப் போட்டிருக்கேன். பொம்மை ஒண்ணும் குறை சொல்லல." வலியோடு வலியாக அவர் சிரித்தார். சிரித்த நேரத்தில் தசை தளர்ந்து டியூப் உள்ளே போய்விட்டது.

பை நிரம்பியது, வாளி நிரம்பியது, தரை துடைக்கிற தொட்டியும் நிரம்பியது. பரிசோதனைக்கூடத்தில் உப்பு இல்லை, வாடை இல்லை, மழைத்தண்ணீர்தான் என்று எழுதிக் கொடுத்தார்கள். கம்சிங்கின் ரத்த அழுத்தம் இறங்கவில்லை. பப்பாளி சாலட்டில் காரம் போதவில்லை என்று மட்டும் குறைபட்டார். தலைமை மருத்துவர் வீராவுத் வந்து மணிக்கு எவ்வளவு என்று கேட்டார். "தொள்ளாயிரம், சார்." "மில்லியா?" "லிட்டர், சார்." "சரி, எழுதும்மா. ரத்தத்துல உப்பு மட்டும் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம் பாத்துக்க." தலைமை நர்ஸ் லம்துவான் தோட்டக்குழாயை இணைத்து ஜன்னல் வழியே வாய்க்காலில் விட்டாள். மூன்றாம் நாள் தண்ணீர் அவருடைய ஊரை எட்டியது, ஐந்தாம் நாள் நாற்று விட்டார்கள்.

பதினோராம் நாள் ஊர்த்தலைவர் பழக்கூடையோடு வந்து, நடவு முடியும்வரை டியூப் இருக்கட்டும் என்றார். அடைப்பைத் தளர்த்தக் கொடுத்த மாத்திரைகள் வேலை செய்திருக்க வேண்டிய நாள் அது. இனியும் டியூப் இருந்தால் கிருமி ஏறும். எடுத்தபின் தானாகப் போகவில்லை என்றால் அறுவைசிகிச்சை, இல்லாவிட்டால் ஆயுசுக்கும் டியூப். ஃபாய் தலைவரை விட்டுவிட்டுக் கம்சிங்கிடம் கேட்டாள். அவர் ஜன்னல் வழியே வாய்க்காலைப் பார்த்தார். அவருடைய நாற்றும் அந்தத் தண்ணீரில்தான் நின்றது. "குப்புறப் படுத்துத் தூங்கிப் பதினோரு நாளாச்சும்மா. நான் என்ன வாய்க்காலா? எடுத்துரு."

எடுத்தாள். வெள்ளம் நின்றது. அவர் தண்ணீர் குடித்தார், நடந்தார், மறுபடியும் குடித்தார். நான்கு மணி நேரம் ஒரு சொட்டு வரவில்லை. ஃபாய் இன்னொரு டியூப்பை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு அதைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். கடைசியாக அவர் அளவுக்குவளையோடு கழிப்பறைக்குள் போனார். வார்டே பேச்சை நிறுத்தியது. ஊர்த்தலைவரும் காதைத் தீட்டிக்கொண்டார். "என்னய்யா ஆச்சு?" என்று சாய்பின் கதவைத் தட்டினாள். "நீ பேசாம இருந்தா வரும்!" என்று உள்ளிருந்து பதில் வந்தது. பிறகு சத்தம் கேட்டது. இருநூற்று எண்பது மில்லி, மஞ்சளாக. பன்னிரண்டு கட்டில்களும் கை தட்டின. சாய்பின் அழுதாள். ஃபாய் எண்ணை எழுதிவிட்டு, திரும்பி நின்று மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

டியூப் எடுத்த எட்டாம் நாள் மழை வந்தது. அதுவரை நாற்று தாக்குப்பிடித்தது. மருத்துவமனை அடுத்த முறை அச்சடித்த படிவங்களில் சிறுநீர் அளவுக்கு மில்லி, லிட்டர் என்று இரண்டு கட்டங்கள் போட்டது. நவம்பரில் சாய்பின் அந்த நாற்றில் விளைந்த புது அரிசியை அவித்து மூங்கில் கூடையில் வார்டுக்குக் கொண்டுவந்தாள். குழந்தைகள் பிரிவுக்கு மாறிவிட்ட ஃபாயும் இறங்கி வந்து, எல்லாரோடும் உட்கார்ந்து உருட்டிச் சாப்பிட்டாள். ருசியில் வித்தியாசம் ஒன்றும் இல்லை.